வாகரைக் கடலும் குளத்துத் தூண்டிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நான்கு நண்பர்கள் ஜூலைக் கடைசியில் வாகரைப் பக்கம் கடற்கரைக் குடில் ஒன்றில் மூன்று இரவு தங்கித் தூண்டில் போடப் போகிறோம். இதுவரை குளங்களில் மட்டும்தான் பழக்கம். எங்களிடம் இருப்பது 3000 அளவு ரீலும் 10 இறாத்தல் இழுவை தாங்கும் தங்கூசி நூலும். அது கடலுக்குத் தாங்குமா, புதிதாக வாங்க வேண்டுமா? குடிலில் படகும் சாப்பாடும் உண்டு. கரண்ட் இரவில் ஜெனரேட்டரில்தான். கச்சான் காலத்தில் கடல் குளம்போலக் கிடக்கும், பயமில்லை என்று குடில்காரர் சொல்கிறார்.

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

ரீலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கடைசி வரி. குடில்காரர் சொன்னது பாதிதான் சரி. கச்சான் என்பது கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அலை எழும்ப இடமில்லாததால் கரையோரம் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். கடலிலிருந்து வீசும் வாடைக் காற்றில் எஞ்சின் நின்ற படகு கரைக்கே ஒதுங்கும், கச்சானிலோ வங்காள விரிகுடாவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். வெளியே போகப் போக ஆழம் கூடும், நங்கூரமும் நிலம் பிடிக்காது. கரையிலிருந்து பார்க்கிறவருக்கு இது தெரியாது.

ஆகவே படகில் ஏறுமுன் நீங்களே பாருங்கள். நங்கூரக் கயிறு ஆழத்தைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும்; 15 மீட்டர் தண்ணீருக்கு 45 மீட்டர். இரண்டு துடுப்பு, ஆளுக்கொரு லைஃப் ஜக்கெட், மாற்று ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் சாவி. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் பிளக்கில் கரி படியும், அதனாலேயே நடுக்கடலில் அடிக்கடி நின்றுவிடும். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. திரும்பும் வழி எதிர்காற்று என்பதால் அந்தக் கையிருப்பைத் தொட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள். விடியும்போது வெளிக்கிட்டுப் பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். போகும் திசையையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஜக்கெட் இல்லை என்றால் அந்தப் படகில் ஏற வேண்டாம்.

இனி ரீல். உங்களிடம் உள்ளது பனிச்சங்கேணிக் களப்பு வாய்க்குப் போதும். சிறு பாரை, சீலா, விளைமீன் எல்லாம் அதில் ஏறும். வெளிக்கடலுக்கு 5000 அல்லது 6000 அளவு ரீல், 30 இறாத்தல் பின்னல் நூல் 250 மீட்டர், நுனியில் 50 இறாத்தல் தங்கூசி இரண்டு மீட்டர் வேண்டும். சீலாவும் அறுக்குளாவும் பல்லால் அறுக்கும், அதனால் தூண்டிலுக்கு மேலே ஒரு சாண் கம்பி. நான்கு பேருக்கும் வாங்க வேண்டியதில்லை, இரண்டு போதும்.

குளத்துச் சாமான் கடலில் தோற்பது பெரும்பாலும் தடியில் அல்ல. செயற்கை இரையில் இருக்கும் மெல்லிய வளையம் விரிந்துபோகும், மும்முனைத் தூண்டில் நிமிர்ந்துபோகும். இரண்டையும் வீட்டிலேயே கழற்றித் தடித்த வளையமும் ஒற்றைத் தூண்டிலும் மாட்டுங்கள். தூண்டில் நுனியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனை விடுவதும் எளிது, கையில் ஏறினால் எடுப்பதும் எளிது. மீன் இழுக்கும்போது நூலை நழுவவிடும் டிராக்கைக் கைக்கணக்கில் இறுக்காமல், தொங்கு தராசில் நூலைக் கட்டித் தடியோடு இழுத்துப் பாருங்கள். 30 இறாத்தல் நூலுக்கு நான்கு கிலோவில் நழுவத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நுனித் தங்கூசியை விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

முதலில் பழுதாவது நூல் உருண்டு வரும் சிறு உருளை. உப்பு காய்ந்து உருளை நின்றுவிட்டால் நூல் அதில் உரசி அறும். ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் டிராக்கை முழுதாக இறுக்கி, ரீல்மேல் நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள். இறுக்குவது உள்ளே இருக்கும் தட்டுகளுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க. வாளிக்குள் அமிழ்த்துவதும் குழாயால் பீய்ச்சுவதும் உப்பை உள்ளேதான் தள்ளும். துடைத்து நிழலில் வைத்து, டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். இறுகியே கிடந்தால் தட்டுகள் அமுங்கிப் பிடி கெடும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து? கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மோட்டர் போட்டு அதிகம் இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால், கொண்டுபோன தண்ணீரில் ரீலுக்கு அரை லீற்றர் ஒதுக்குங்கள்.

கரண்ட் இரவில் மட்டும் என்றால் குளிர்பெட்டியை நம்ப வேண்டாம். வாழைச்சேனையைத் தாண்டும்முன் கட்டி ஐஸும் ரெஜிபோம் பெட்டியும் ஏற்றுங்கள். கட்டியாகவே வைத்திருந்து வேண்டியதை மட்டும் உடைத்தால் நீண்ட நேரம் நிற்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். சூரையைப் பிடித்ததும் செவுளை வெட்டி இரத்தம் போகவிட்டு உடனே ஐஸில் போடுங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு சேர்ந்துவிடும். எவ்வளவு காய்ச்சினாலும் அது போகாது, முகம் சிவந்து தலை இடிக்கும்.

களப்பில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடவுங்கள், திருக்கை விலகிப் போய்விடும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். கூடவே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கிழக்கின் களப்புகளில் முதலை உண்டு, பொழுதுபட்டபின் தண்ணீருக்குள் நிற்க வேண்டாம்.

போகும் வழியில் இருக்கும் காயன்கேணிப் பவளப்பாறை 2019இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யார் கூட்டிப்போனாலும் அங்கே தூண்டில் போடாதீர்கள், நங்கூரமும் இறக்காதீர்கள்.

தூண்டிலில் பேத்தை என்னும் ஊதிப் பருக்கும் மீன் ஏறினால் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகாமல் குறட்டால் கழற்றிக் கடலிலேயே விடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. சுத்தம் பண்ணத் தெரியும் என்று யார் சொன்னாலும் சட்டிக்குள் போட விடாதீர்கள்.