மேட்டுக்காணி சிவப்பு, கீழ்வயல் சாம்பல்: ஆய்வுகூட அறிக்கையில் மட்டும் ஒன்றா?

மேட்டுக்காணி மண்ணும் கீழ்வயல் மண்ணும் ஆய்வுகூட அறிக்கையில் கிட்டத்தட்ட ஒன்றாக வந்திருப்பதால், இரண்டும் ஒரே மண்ணா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அவை பெரும்பாலும் இரண்டு வேறு மண். வன்னியின் ஒட்டுசுட்டானில் நீங்கள் சொல்லும் மேட்டுக்காணி செங்கபில மண். குளத்துக்குக் கீழுள்ள வயல் மட்குக் குறைந்த கிளெய் மண், அதாவது நீர் தேங்கிச் சாம்பல் நிறமான மண். பிஎச்சும் (அமில, கார அளவு) களி வீதமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மாதிரிகள் இரண்டையும் உழவுப் படையில், அதாவது உழும் மேல்மண்ணில் மட்டும் எடுத்திருப்பீர்கள். வன்னியில் மண்ணைப் பிரிப்பது சரிவு. மேட்டில் மழைநீர் வடிய, இரும்பு ஒட்சியேறிச் சிவக்கிறது. தாழ்வில் மாரி முழுக்க நீர் நிற்பதால் அதே இரும்பு கரைந்து நிறமிழக்கிறது. இந்த வித்தியாசம் அடியில்தான் தெளிவாகத் தெரியும்.

1. மேடு, நடுச்சரிவு, வயல் என மூன்று இடத்தில் ஒரு மீற்றர் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள்.
2. குழியிலிருந்து எடுத்த மண்கட்டியை நனைத்து உடையுங்கள். காய்ந்த மண் வெளிறிக் காட்டும். சாம்பல் நிறத்துக்குள் வேர் ஓடிய துளைகளைச் சுற்றித் துருக்கோடு தெரிந்தால் அது கிளெய். மேட்டில் படிகக்கல் பரல் படை வரலாம். அதன் ஆழத்தையும் குறியுங்கள்.

அப்புறம், நடுச்சரிவில் இரண்டும் கலந்த இடைநிலை மண் வரும், அதை வலிந்து ஒரு பெயருக்குள் தள்ள வேண்டாம். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கக் கறுத்த வெடிப்புக் களிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.