மேளம் கேட்கப் போகிறவர்களின் கேள்விகள்: தேர் பின்னால் நடக்கிற ரசிகன் ஒருவனின் பதில்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வித்வான் இல்லை. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியில் நான் ஊதினால் காற்றுதான் வரும். மாயவரம் பக்கத்துக்காரன், திருவிழா எங்கே, யார் மேளம் (நாதஸ்வரமும் தவிலும்தான்) என்று விசாரித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன், அவ்வளவுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, டிசம்பர் சீசனில் ஒரு சபாவில் நாதஸ்வரம் கேட்டேன். பத்து நிமிஷத்தில் காது அடைத்து, எழுந்து வந்துவிட்டேன். இதை எப்படி மணிக்கணக்காகக் கேட்கிறீர்கள்?

உங்கள் காதில் குறை இல்லை தம்பி. நாலு தெரு தாண்டிக் கேட்கணும் என்று செய்த வாத்தியத்தை ஏ.சி. ஹாலுக்குள் உட்கார வைத்து, முன்னால் மைக்கையும் நீட்டினால் யாருக்குத்தான் வலிக்காது? தவிலுக்கு இரண்டு பக்கமும் மைக் வைக்கிறார்களே, அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த ஹாலிலும் ஆள் இருப்பதில்லை. சீசன் தொடக்கத்தில் மங்கலமாக இருக்கட்டும் என்று மேளத்தை வைத்துவிட்டு, வந்தவர்கள் கேன்டீன் பக்கம் போய்விடுகிறார்கள்.

ஒரு தடவை சிதம்பரம் போங்கள். வருஷத்துக்கு இரண்டு பெரிய உற்சவம், ஆனித் திருமஞ்சனமும் மார்கழி ஆருத்ராவும். இரண்டிலும் தரிசனத்துக்கு முந்தின நாள் தேர். நடராஜரே தேருக்கு வருவார், நாலு தேர் வீதியும் சுற்றி நிலைக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும். அந்தக் கூட்டத்தில் மேளக்காரர்களை ஒட்டி நிற்காதீர்கள். ஐம்பது அறுபது அடி தள்ளி, ஏதாவது ஒரு திண்ணை ஓரமாக நின்று கேளுங்கள். தவில் சத்தம் சுவரில் பட்டு ஒரு மாதிரி கனிந்து வரும், நாதஸ்வரம் தலைக்கு மேலே போகும். தேர் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள், நின்றால் நில்லுங்கள். தேர் எங்காவது நின்றுபோனால் எனக்கு உள்ளூர சந்தோஷம், அப்போதுதான் ராகம் நீளும்.

மல்லாரி, மல்லாரி என்கிறார்களே, அது ராகமா பாட்டா?

இரண்டும் இல்லை. சாமி புறப்படும்போது வாசிக்கிற உருப்படி, சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது, தாளச் சொற்கட்டுதான். பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகம். முதலில் தவில் மட்டும் அலாரிப்பு என்கிற தொடக்கத்தை வாசிக்கும், அப்புறம் மல்லாரி எழும்பும். தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு (சாமிக்கு நைவேத்தியம்) ஒன்று, தேருக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. அந்தக் காலத்தில் தெருக்கோடியில் இருக்கிறவருக்கும் சத்தத்தை வைத்தே கோயிலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். காலையில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று நேரத்துக்கும் ராகம் வைத்திருந்தார்கள். இப்போது எல்லாக் கோயிலிலும் அந்தக் கிரமம் இல்லை. திருவாரூர் மாதிரி சில இடங்களில் மிச்சம் இருக்கிறது.

ராஜரத்தினம் பிள்ளையை மட்டும் ஏன் இவ்வளவு தூக்கி வைக்கிறீர்கள்? மற்றவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். திருவீழிமிழலை சகோதரர்கள், திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்று இரவு முழுக்கச் சொல்லலாம். ஆனால் டி.என்.ஆர். என்கிற ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) செய்தது வேறு. அதுவரை திமிரி என்கிற குட்டை நாதஸ்வரம்தான், சுருதி உச்சத்தில் இருக்கும். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த நீளமான பாரி வாத்தியம்தான் சுருதியைக் கீழே இறக்கியது. இன்று நீங்கள் கேட்கிற கனத்த நாதம் அங்கிருந்து வந்தது. மேளக்காரர் என்றால் நின்றுகொண்டே வாசிக்கணும் என்று இருந்த காலத்தில், மேடையில் உட்கார்ந்து, கிராப்பு வைத்துக்கொண்டு, கோட்டும் போட்டுக்கொண்டு வாசித்தவர். சிலர் அதைத் திமிர் என்றார்கள். பாட்டுக்காரருக்கு ஜமக்காளம், மேளக்காரருக்கு வெறும் தரை என்று வைத்திருந்த ஊரில் அந்தத் திமிர் தேவையாகத்தான் இருந்தது. அப்புறம் தோடி ராகம். அவருடைய தோடி இசைத்தட்டைக் கேட்டுவிட்டு இந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.

கற்றுக்கொள்ள ஆசை, வயது முப்பது. வாத்தியம் எங்கே வாங்குவது?

நரசிங்கம்பேட்டைக்கே போய்விடுங்கள், ஆடுதுறை பக்கத்து ஊர். 2022இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைவார்கள், அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, பல வருஷம் காய்ந்த மரமாகத் தேடுவார்கள். பச்சை மரம் பிளந்துவிடும். குறியீடு வந்ததால் கடைகிற குடும்பங்கள் பெருகிவிட்டனவா என்றால், அந்தத் தெருவில் நடந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விரல் விட்டு எண்ணிவிடலாம். சான்றிதழை மாட்ட சுவர் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பழக ஆள் வேண்டுமே.

விரல் வைக்கிற துளை ஏழுதான். மற்றதெல்லாம் மூச்சிலும் உதட்டிலும் வரவேண்டும், ஒரே துளையில் ஒரு சுரத்தின் இரண்டு நிலையும் அழுத்தத்தால்தான் பிரியும். சீவாளி நாணல் தட்டையில் செய்வது, தினம் ஒரு குணத்தில் இருக்கும். ஆசான் இல்லாமல் தொடாதீர்கள், வீடியோ பார்த்து வராது.

ஐயா, முஸ்லிம் வித்வான்கள் கோயிலில் வாசிப்பது பற்றி இப்போது சிலர் கேள்வி கேட்கிறார்களே?

ஷேக் சின்ன மௌலானா ஆந்திராவின் கரவதியில் பிறந்து, ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்து, ரங்கநாதர் சந்நிதியில் வாசித்தவர். 1998இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. பேரன்கள் காசிம், பாபு அவரிடமே கற்று வாசிக்கிறார்கள். ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி தம்பதிக்கு 2020இல் பத்மஸ்ரீ வந்தது. அந்தப் பரம்பரைகளில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கிறார்கள், பெருமாளுக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. கேள்வி கேட்கிறவர்களில் எத்தனை பேர் முழு ராகம் ஒன்றை உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பெண்கள் வாசிக்கிறார்களா?

மேலே சொன்ன காலிஷாபி இருக்கிறார். அவருக்கு வெகு முன்னாலேயே மதுரை பொன்னுத்தாய் அம்மா வாசித்துப் பேர் வாங்கியிருக்கிறார். இப்போது இசைக் கல்லூரிகளில் படிக்கிற பெண்கள் உண்டு, திருவிழாவுக்குக் கூப்பிடுகிறவர்கள்தான் குறைவு.

எங்கள் ஊர்க் கோயிலில் மோட்டார் மேளம் வைத்துவிட்டார்கள். சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் அடிக்கிறது. இதில் என்ன தப்பு? ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டீர்களா? முன்னே மேளத்துக்கென்று மானிய நிலம் இருந்தது, ஒரு குடும்பம் அதை நம்பிச் சாப்பிட்டது. நிலம் கை மாறிப்போன பிறகு கிடைக்கிற சம்பளத்தில் எவன் பிள்ளையை இதற்கு அனுப்புவான்? பத்து வருஷம் சாதகம் (பயிற்சி) பண்ணணும், அதற்குப் பிறகு தினம் இரண்டு வேளை கோயில், மாசக் கடைசியில் மளிகைக் கடனுக்குக் கூட வராத காசு. அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். அரசு பயிற்சிப் பள்ளி நடத்துகிறது, நல்ல விஷயம், படித்து வெளியே வருகிறவனுக்கு நிலையான கோயில் வேலை இருந்தால்தான் அது நிற்கும். பெரிய வருமானம் உள்ள கோயிலிலேயே மெஷின் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏழைக் கிராமத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உண்டியல் எண்ண மூன்று நாள் ஆகிற இடத்தில் ஆள் கிடைக்கவில்லை என்பதை நம்ப மாட்டேன்.

செண்டை மேளம்?

கேரளாவில், பூரத்தில், அதன் இடத்தில் கேட்டால் மயிர்க்கூச்செறியும். காது குத்துக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் அதைக் கூப்பிட்டு, பக்கத்துத் தெரு நையாண்டி மேளக்காரரை வீட்டில் உட்கார வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

யாழ்ப்பாணம் போயிருக்கிறீர்களா? எங்கட தவிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கோ.

ஒரு வார்த்தையில் முடியாது. நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆவணியை ஒட்டி வரும். கோயிலைச் சுற்றின வீதிகளில் வண்டியை நிறுத்திவிடுவார்கள், அதனால் மேளச் சத்தத்துக்குப் போட்டியே இல்லை. எனக்கு அங்கே ஆச்சரியம் கூட்டம்தான். இங்கே தவில் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கினால் சனம் எழுந்திருக்கும், அங்கே தவில் சமா, அதாவது தவில் கச்சேரி, என்றால் அப்போதுதான் முன்னே நெருங்கி உட்காருகிறார்கள், கணக்கு தப்பாமல் கையால் தாளம் போடுகிற பெரியவர்கள் வரிசையாக. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி பிறந்த மண் இல்லையா! அவர் 42 வயதுக்குள் போய்விட்டார், ஆனால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தவில்காரர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும். அளவெட்டி பத்மநாதன் நாதஸ்வரமும் அப்படித்தான். போர்க் காலத்தில் இதெல்லாம் எப்படித் தாங்கி வந்தது என்று அங்கே ஒரு தவில்காரரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, தேநீர் குடியுங்கோ என்றார்.

சினிமாவில் வருவதெல்லாம் நடிகர்கள் வாசித்ததா?

இல்லை. தில்லானா மோகனாம்பாளில் (1968) வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கொஞ்சும் சலங்கையில் (1962) ஜானகி குரலோடு போவது காருகுறிச்சியாரின் நாதஸ்வரம்.

தங்கைக்குக் கல்யாணம். நல்ல மேளம் வைக்க ஆசை, பட்ஜெட் குறைவு. என்ன செய்யலாம் அண்ணே?

டி.ஜே.வுக்கு எடுத்து வைத்திருக்கிற காசில் பாதியை இதில் போடுங்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி, இதுதான் ஒரு செட். பெரிய பேர் தேடாதீர்கள், திருவாரூர், கும்பகோணம் பக்கத்தில் இளைஞர்கள் பிரமாதமாக வாசிக்கிறார்கள். முகூர்த்த நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், கெட்டிமேளம் எப்போது என்றுதான் ஐயர் கையைப் பார்ப்பார்கள். அதனால் முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கி, நாலு நாற்காலி போட்டு, நீங்களும் முன்னால் உட்காருங்கள். ஒரு ராகம் விஸ்தாரமாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களும் உற்சாகமாக வருவார்கள். சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்புகிற மாமாக்களை யாராவது பிடித்து வையுங்கள். சாப்பாடு எப்போது வேண்டும் என்று மேளக்காரர்களையே கேளுங்கள், வாசிப்பதற்கு முன்னால் பலர் வயிறு நிறையச் சாப்பிட மாட்டார்கள், கடைசிப் பந்தி முடிந்து போனால் ரசம் கூட மிஞ்சாது. பேசின தொகையை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.