புதிய டிவியில் கோடு விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: தீபாவளியை ஒட்டித் திருச்சியில் ஒரு கடையில் 34,500 ரூபாய்க்கு 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கினேன். கடை ஆட்களே வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். பத்தொன்பதாம் நாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, 'பேனலில் அடிபட்டிருக்கிறது, வாரண்டியில் வராது, மாற்ற 21,000 ரூபாய் ஆகும்' என்கிறார். கடையில் கேட்டால், 'விற்றதோடு சரி, கம்பெனியைக் கேளுங்கள்' என்கிறார்கள். வழக்குப் போடுவதென்றால் திருச்சிக்கு அலைய வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அலைய வேண்டாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. எனவே பொருளைத் திருச்சியில் வாங்கியிருந்தாலும், நீங்கள் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால், புகாருக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியது அந்த 'அடிபட்டிருக்கிறது' என்ற ஒரு சொல்லைத்தான். வாரண்டி அட்டைகளில் வெளியிலிருந்து பட்ட அடிக்கு விலக்கு எழுதியிருப்பதால், பேனல் கோளாறு என்றாலே சிலர் முதலில் நீட்டும் காரணம் இதுவாக இருக்கிறது. அடிபட்ட திரையில், அடி விழுந்த புள்ளியிலிருந்து சிலந்தி வலை போலக் கீறல்கள் கிளம்பியிருக்கும், அல்லது மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டு பரவியிருக்கும். கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லாமல் நேராக ஒற்றைக் கோடு விழுவது, பெரும்பாலும் பேனலின் விளிம்பில் உள்ள மின் இணைப்புகளில் ஏற்படும் பழுது. ஆகவே டிவியை அணைத்துவிட்டு, திரையின் மீது டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து நான்கு மூலைகளையும் படமெடுங்கள். பிறகு டிவியைப் போட்டு, கோடு தெரியும்படி வீடியோவும் எடுத்து வையுங்கள்.

சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் ஜாப் ஷீட்டில், அதாவது பழுதைக் குறித்து உங்களிடம் கையெழுத்து வாங்கும் தாளில், என்ன எழுதினார் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அவசரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிற்பாடு அதே தாளை எதிர்த்தரப்பு ஆதாரமாக நீட்டும்போது விழிப்பவர்கள் பலர். நீங்களும் கையெழுத்திட்டிருந்தால், அந்த முடிவை ஏற்கவில்லை என்று நிறுவனத்துக்கு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்னும் இடவில்லை என்றால், 'திரையில் வெளிக்காயம் இல்லை' என்று உங்கள் கைப்பட எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள்.

கடைக்காரர் கைகழுவுவதையும் ஏற்க வேண்டியதில்லை. பணம் வாங்கியவர் அவர். போதாததற்கு, மாட்டியதும் அவருடைய ஆட்கள். அடிபட்டது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், ஏற்றி இறக்கியபோதோ மாட்டியபோதோ பட்டதா என்ற கேள்விக்கு அவரும் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே கடை, தயாரிப்பு நிறுவனம் இரண்டையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்து, பேனலைக் கட்டணமின்றி மாற்றித் தருமாறு 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அதோடு தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அவர்கள் தீர்ப்பு வழங்குபவர்கள் அல்லர், நிறுவனத்தோடு பேசுபவர்கள். ஆனாலும் பல சச்சரவுகள் அந்த அளவிலேயே முடிந்துவிடுகின்றன.

'புது டிவிதான் வேண்டும்' என்று பலரும் பிடிவாதம் பிடிக்கிறார்கள். குறையை நீக்கித் தரவும், வேறு பொருள் தரவும், விலையைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு கொடுக்கவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், ஒருமுறை பழுதானதற்காகவே புதிய பொருள் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்; உற்பத்திக் குறை என்பதை நிலைநாட்டும் சுமை பொதுவாகப் புகார்தாரருடையது. பேனலை இலவசமாக மாற்றித் தர முன்வந்தால் ஏற்றுக்கொள்வதே என் யோசனை. மாற்றியதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் கோடு விழுந்தால், மாற்று டிவியோ பணமோ கேட்பதற்கு உங்கள் வழக்கு வலுவாகிவிடும்.

புகாரை இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆய்வகப் பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீள்வதுண்டு என்பதையும் மனத்தில் வைத்து, சமரசத்துக்கு வழி தெரிந்தால் விட்டுவிடாதீர்கள்.

பில்லைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. 'பில் போட்டால் வரி சேரும்' என்று சொல்லிக் கடையில் வெறும் எஸ்டிமேட் சீட்டு மட்டும் கொடுத்திருந்தால், முறையான பில்லை இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று இந்தச் சட்டம் வரையறுக்கிறது. யுபிஐ வழியாகவோ கார்டிலோ பணம் செலுத்தியிருந்தால், அந்த வங்கிப் பதிவும் வாங்கியதற்குச் சான்றாகும்.

இதற்கிடையில், தெரிந்தவர் என்று தெருமுனை மெக்கானிக்கை அழைத்து டிவியைத் திறக்க விடாதீர்கள். பின்பக்க ஸ்டிக்கர் கிழிந்தால், 'வெளியாள் கை வைத்துவிட்டார்' என்று சொல்ல அவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும். வரிசை எண் அச்சிட்ட அட்டைப்பெட்டியையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் பரண்மேல் ஏற்றி வையுங்கள்.