சீட் கிடைத்துவிட்டது, மேற்பார்வையாளர் கிடைக்கவில்லை

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து எழுதிய தந்தைக்கு,

ஐயா, உங்கள் மகள் சில வருடம் ஆப்டோமெட்ரிஸ்டாக (கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவராக) வேலை பார்த்துவிட்டு, சுயமாக மருந்தெழுதும் தகுதிக்குப் படிக்க விண்ணப்பித்திருக்கிறார். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டது. ஆனால் கிளினிக்கல் பயிற்சிக்கு ஆளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. மருத்துவமனைகளுக்கு எழுதினால் பதிலே இல்லை. இதில் ஏதாவது ஏமாற்று வேலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்று இல்லை. பிரிட்டனில் இந்தப் படிப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஒன்று: மேற்பார்வையாளர் ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை கட்டணத்தைக் கட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருந்த எல்லாக் கேள்விகளையும்விட எனக்கு இதுதான் அவசரமாகப் பட்டது.

இந்தத் தகுதி 2008-ல் சட்டமானது. 'இண்டிபெண்டென்ட் பிரிஸ்கிரைபிங்' என்பதைச் சுருக்கி 'ஐ.பி.' என்கிறார்கள். இதைப் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள திசுக்களுக்கும் வரும் நோய்களுக்குத் தன் அனுபவ எல்லைக்குள் உரிமம் பெற்ற எந்த மருந்தையும் எழுதலாம். ஊசி மருந்தும், மார்ஃபின் போன்ற சட்டக் கட்டுப்பாட்டு மருந்துகளும் மட்டும் கூடாது. மருத்துவரின் கையெழுத்து தேவையில்லை. அப்படிப்பட்ட உரிமையை வகுப்பறைப் பாடத்தை மட்டும் நம்பி யாரும் கொடுக்க மாட்டார்கள் அல்லவா? அதனால்தான் இந்தப் பயிற்சி.

'24 செஷன், கண் மருத்துவரிடம்தான்' என்று உங்களிடம் சொன்னவர் பழைய விதியைச் சொல்லியிருக்கிறார். முன்பு பாடம் முடிந்ததும் 24 அரைநாள்கள் ஒரு கண் மருத்துவரின் கீழ் இருந்துவிட்டு, பிறகு பொது இறுதித் தேர்வு எழுத வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்ட்களை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் ஆப்டிகல் கவுன்சில் கொண்டுவந்த புதிய விதிமுறைப்படி பயிற்சி படிப்போடு சேர்ந்தே நடக்கும். சுமார் 90 மணி நேரம். மேற்பார்வையாளர் கண் மருத்துவராகவே இருக்க வேண்டியதில்லை. மருந்தெழுதுவதில் நல்ல அனுபவமுள்ள இன்னொரு ஐ.பி. ஆப்டோமெட்ரிஸ்டாகவும் இருக்கலாம். உங்கள் மகள் இதுவரை கன்சல்டன்ட்களுக்கு, அதாவது மருத்துவமனையின் மூத்த கண் மருத்துவர்களுக்கு மட்டுமே எழுதியிருக்கிறார். கதவு அதைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. சேரப்போகும் படிப்பு எந்த விதியில் நடக்கிறது என்று மட்டும் பல்கலைக்கழகத் துறையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளட்டும்.

கன்சல்டன்ட்கள் பதில் போடாததில் ஆச்சரியமும் இல்லை. பயிற்சி மருத்துவர்கள், நர்ஸ்கள், மாறுகண் போன்றவற்றைக் கவனிக்கும் ஆர்த்தாப்டிஸ்ட்கள் எல்லோரும் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் அதே ஸ்லிட் லாம்ப் கருவிக்குத்தான் காத்திருக்கிறார்கள். அந்த மருத்துவமனையின் தலைமை ஆப்டோமெட்ரிஸ்டுக்கு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்; கன்சல்டன்டின் செயலாளரிடம் போனில் பேசினாலும் பலன் இருக்கும். அந்தப் பகுதி ஆப்டோமெட்ரிஸ்ட்களின் பிரதிநிதிக் குழுவான உள்ளூர் ஆப்டிகல் கமிட்டிக்கு யார் யார் ஐ.பி. வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். உங்கள் மகள் தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து எந்த கிளினிக்குக்கு அடிக்கடி நோயாளிகளை அனுப்புகிறாரோ, அங்கே அவருடைய பரிந்துரைக் கடிதங்களை ஏற்கெனவே யாரோ படித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் அங்கே கேட்கலாம். (நீங்கள் போன் செய்ய வேண்டாம், ஐயா. அக்கறைதான், புரிகிறது. ஆனால் அப்பா போன் செய்தார் என்பது அந்தத் துறையில் வெகுநாள் பேசப்படும்.)

மருத்துவமனை சரி என்று சொன்ன பிறகும் உடனே போய் உட்கார முடியாது. கௌரவ ஒப்பந்தம் (சம்பளமில்லாமல் அங்கே பணிசெய்ய அனுமதி), குற்றப் பின்னணிச் சோதனை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி விவரம் என்று காகிதங்கள் வாரக்கணக்கில் ஓடும். மேற்பார்வைக்குக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. அதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எங்கே இடம் கிடைத்தாலும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கண்புரை அறுவைக்குப் பின் வரும் வழக்கமான சோதனைகளையே 90 மணி நேரம் பார்த்தால் மணி நிறையும், மருந்தெழுதும் கை வராது. கண் அவசரப் பிரிவில் பெரும்பகுதி நேரம் இருப்பது நல்லது. சிவந்த கண்ணோடு ஒருவர் வருகிறார். கண்ணின் உள்ளே வரும் அழற்சியான யுவைடிஸா, கருவிழிப் புண்ணா? யுவைடிஸ் என்றால் ஸ்டீராய்டு சொட்டு வேண்டும். ஹெர்பீஸ் வைரஸ் கருவிழியில் கிளை கிளையாகப் போட்ட புண் என்றால் அதே ஸ்டீராய்டு கண்ணைக் கெடுத்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்கு வரும் அகந்தமீபா என்ற நுண்ணுயிரின் தொற்று ஆரம்பத்தில் ஹெர்பீஸ் போலவே ஏமாற்றும். இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், நேரில் ஒருமுறை தடுமாறினால்தான் மனதில் நிற்கும். தடுமாறும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளௌகோமா (கண் அழுத்த நோய்) கிளினிக்கிலும் சில நாள் வேண்டும். அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் சொட்டு கண்ணில்தானே விடுகிறோம் என்று நினைத்தால், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டும். நோயாளி வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் பழக்கம் அங்கேதான் படியும். ஸ்டீராய்டு கொடுத்தவரின் கண் அழுத்தம் ஏறுகிறதா என்று திரும்ப வரவழைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். அதனால் ஒரே நோயாளியை இரண்டு மூன்று முறை பார்க்கும்படி நாட்களை அமைத்துத் தரக் கேட்கட்டும். பயிற்சிப் பதிவேட்டில், எழுதிக்கொடுத்த மருந்தை மட்டும் குறிக்காமல், மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்த நோயாளிகளையும் காரணத்தோடு குறிக்க வேண்டும். தேர்வாளர்களுக்கு அது முக்கியம்.

மதுரையில் உங்கள் மைத்துனர் கண் மருத்துவராக இருக்கிறார், ஒரு மாதம் அங்கே அனுப்பலாமா என்று கேட்டீர்கள். போய் வரட்டும். அங்கே ஒரு காலையில் பார்க்கும் கருவிழிப் புண்களை இங்கே பார்க்கப் பல மாதம் ஆகும். ஆனால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. மேற்பார்வையாளர் பிரிட்டனில் பதிவு பெற்று, இங்கே மருந்தெழுதும் உரிமை உள்ளவராக இருக்க வேண்டும்.

அப்புறம் சம்பளம். தகுதி வந்ததும் தானாகக் கூடிவிடாது. ஸ்காட்லாந்தில் இந்தப் பயிற்சிக்கு அரசு உதவி உண்டு. வேல்ஸில் 2023-ல் வந்த புதிய கண் சேவை ஏற்பாட்டில் ஐ.பி. உள்ளவர்களுக்குத் தனி நிலையே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் எல்லாம் உள்ளூர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தம் இல்லாத ஊரில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இன் மருந்துச் சீட்டு எழுத முடியாது. தனியார் சீட்டுதான், நோயாளி முழு விலை கொடுக்க வேண்டும். ஆகவே உங்கள் மகள் கடை முதலாளியிடம் இப்போதே பேசட்டும்: பயிற்சி நாட்களுக்கு லீவு உண்டா, அதற்குச் சம்பளம் பிடிப்பார்களா, முடித்து வந்தபின் வாரத்தில் எத்தனை மணி நேரம் அவசர நோயாளிகளைப் பார்க்க ஒதுக்குவார்கள். வாய்ப்பேச்சாக விடாமல், பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளட்டும்.