3எஸ் பேட்டரிக்கு மாறிய ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) காரில் கியர் எல்லாவற்றையும் ஸ்டீலாக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: 1/10 அளவு 4 வீல் டிரைவ் டிரக், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பிலும் ஆற்று மணலிலும் ஓடுகிறது. 2எஸ் (இரண்டு செல்) லிப்போ பேட்டரியிலிருந்து 3எஸ் (மூன்று செல்) போட்டதும் முதலில் ஸ்பர் கியர் (மோட்டாரின் சிறு கியர் சுற்றும் பெரிய பல்சக்கரம்) போனது, இப்போது பின்பக்க டிஃப் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல்) போகிறது. எல்லாமே ஸ்டீலாக மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். 7.4 வோல்ட்டில் ஓடிய வண்டிக்கு 11.1 வோல்ட் கொடுத்திருக்கிறீர்கள். கூடுதல் அடியை எங்காவது ஒரு பாகம் வாங்கித்தான் ஆகும். ஸ்பரை ஸ்டீலாக்கினால் அடி டிஃப்புக்குப் போகும், டிஃப்பைக் கெட்டியாக்கினால் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கும். எது உடைய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். விலை குறைந்த, பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் ஸ்பர்தான் இந்த வண்டிக்கு ஃபியூஸ். அதை அப்படியே விட்டு, ஸ்பேர் இரண்டு வாங்கி வையுங்கள்.

பினியன் (மோட்டார் ஷாஃப்டில் உள்ள சிறு கியர்) மட்டும் கடின ஸ்டீலாக இருக்கட்டும். அலுமினியப் பினியன் மணலில் சீக்கிரம் கூராகத் தேய்ந்து, ஸ்பரையும் அறுக்கும். 3எஸ்ஸுக்கு பினியனில் 2 பல் குறையுங்கள், மோட்டார் சூடும் அடங்கும். பல்லின் அளவைச் சொல்லும் 32 பிட்ச்சும் 0.8 மாட்யூலும் கிட்டத்தட்ட ஒன்று, கலந்தாலும் ஓடும். 48 பிட்ச்சோடு 0.6 மாட்யூலைக் கலந்தால் பல் போகும். மெஷ் (பல்லோடு பல் பொருந்தும் இடைவெளி) வைக்கும்போது இரண்டு கியருக்கும் நடுவே ஒரு தாள் துண்டை விட்டு மோட்டாரை இறுக்குங்கள், பிறகு தாளை உருட்டி எடுங்கள். ஸ்பரைச் சுற்றில் நாலைந்து இடத்தில் ஆட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் மெல்லிய ஆட்டம் இருக்க வேண்டும்.

போன ஸ்பரைத் தூக்கி எறியும் முன் பல்லைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி நுனி மழுங்கியிருந்தால் மெஷ் தளர்வு. உருகியிருந்தால் மெஷ் இறுக்கம். அடுத்தடுத்து மூன்று நான்கு பல் மட்டும் இல்லையென்றால் உள்ளே கல் புகுந்திருக்கிறது, கியர் கவர் போடுங்கள். ஸ்பருக்கு கிரீஸ் தடவவே தடவாதீர்கள், மணல் ஒட்டி அரைக்கும்.

டிஃப் விஷயத்தில் பெரும்பாலும் குற்றவாளி கியர் இல்லை. டிஃப்பை மூடிய பிளாஸ்டிக் ஹவுசிங் நெளிந்து, பெரிய ரிங் கியர் தன்னைச் சுற்றும் டிஃப் பினியனை விட்டு விலகுகிறது. பற்கள் நுனியில் மட்டும் கடிபட்டுச் சிதைகின்றன. ஆகவே முதலில் ஷிம் (மெல்லிய வளையத் தகடு): ரிங் கியரை பினியன் பக்கம் தள்ளும் பேரிங்கின் பின்னால் 0.2 மி.மீ. ஒன்று போட்டு மூடி, உள்ளீட்டு ஷாஃப்டை விரலால் சுற்றுங்கள். ஆட்டம் குறைந்து, தடை இல்லாமல் சுற்றினால் சரி. எங்காவது பிடித்தால் 0.1 ஆக்குங்கள். அப்புறமும் பல் போனால்தான் கெட்டியான ஹவுசிங்கும், சாய்ந்த பல் கொண்ட ஸ்பைரல் கியர் ஜோடியும். ரிங்கையும் பினியனையும் ஜோடியாகவே மாற்றுங்கள். புதியதைப் பழையதோடு ஓட்டினால் புதியதும் கெடும். இங்கே மட்டும் கெட்டி கிரீஸ் தேவை.

ஸ்லிப்பர் கிளட்ச் (அதிக அடி வந்தால் வழுக்கிவிடும் கிளட்ச்) இருந்தால் ஸ்பிரிங் கிட்டத்தட்ட அமுங்கும் வரை இறுக்கி, கால் முதல் அரைச் சுற்று தளர்த்துங்கள். குதித்து இறங்கும்போது த்ராட்டிலை விடுங்கள். காற்றில் சுழலும் சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்பதுதான் ஷாஃப்டை முறிக்கிற அடி.

பேரிங் ரப்பர் சீல் வாங்குங்கள். மெட்டல் ஷீல்டுக்கு இந்த மணலும் ஜூன் மழையும் ஆகாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலில் சுற்றிய தேங்காய் நாரை ஊசியால் எடுங்கள். அது சீலை நெம்பி உள்ளே போய்விடும்.

டிரைவ் ஷாஃப்டில் டாக்போனை (இரு முனையிலும் குமிழ் உள்ள கம்பி) விட சிவிடி (ஒரு முனையில் மூட்டு வைத்த ஷாஃப்ட்) நல்லது, மூட்டிலுள்ள பின்னை (குறுக்கு ஊசியை) மட்டும் தனியாக மாற்ற முடிகிற வகையாகப் பாருங்கள். கோயம்புத்தூர் பக்கம்தானே என்று லேத்தில் கடைந்து வாங்க நினைத்தால், ஈஎன்8 (சாதாரண கார்பன் ஸ்டீல்) கம்பியைக் கடைந்து அப்படியே போடாதீர்கள். அந்தக் குறுக்கு ஊசியின் துளை ஓரத்தில்தான் விரிசல் விடும். ஈஎன்24 என்ற அலாய் ஸ்டீலில் கடைந்து, கடினப்படுத்தி, டெம்பர் (நொறுங்காமலிருக்க மிதமாகத் திரும்பச் சூடாக்குவது) செய்து கேளுங்கள்.