வாடிய சோளத்தில் மாட்டை விடலாமா?

கேள்வி: மானாவாரியில் விதைத்த தீவனச் சோளம் முப்பது நாளில் முழங்கால் உயரத்தோடு நின்று, மழையில்லாமல் வாடுகிறது. வீணாகாமல் மாடுகளை மேயவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இளஞ்சோளத்தின் இலையில் துரின் என்ற பொருள் மிகுதி. மாடு மெல்லும்போது அது சிதைந்து ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு வெளிப்படும். செடி வளர வளர, தண்டின் பங்கு கூடுவதால் நஞ்சின் அளவு குறையும். பாதிப் பயிர் பூத்ததும் அறுப்பதே நல்லது. வறட்சியில் வளர்ச்சி நின்ற பயிரை வயதை வைத்து நம்பக்கூடாது. மழை பெய்ததும் பச்சை கட்டுகிறதே என்று அவிழ்த்துவிடுகிறார்கள். அப்போது வெடிக்கும் குருத்துதான் மிக ஆபத்து. அறுத்த கட்டையிலிருந்து வரும் மறுதாம்புத் துளிரும் அப்படியே. யூரியா அதிகம் போட்டிருந்தால் இன்னும் மோசம்.

மழைக்குப் பின் பயிர் தேறிப் பூக்கும்வரை பொறுங்கள். முடியாவிட்டால் அறுத்து, தட்டு மொறுமொறுவெனக் காயவைத்து, வைக்கோலோடு கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள். பசியோடு இருக்கும் மாட்டுக்கு முதல் தீனியாக வேண்டாம்.

மூச்சிரைப்பு, நுரை, நடுக்கம், ஈறு செக்கச்செவேலெனச் சிவப்பது ஆகியவை அறிகுறிகள். நிமிடங்களில் சாய்ந்துவிடும். உடனே தீவனத்தை அகற்றி மருத்துவரை அழையுங்கள். நஞ்சுமுறிவு மருந்தான சோடியம் தயோசல்பேட்டை ரத்த நாளத்தில் ஊசியாக அவர்தான் போடவேண்டும்.