எலி கடித்த வயரிங்: ஹார்னஸ் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: இரண்டு வாரமாக எடுக்காமல் நின்ற காரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பானெட்டுக்குள் நாலைந்து வயர்களை எலி கடித்திருக்கிறது. ஹார்னஸ் (வயர்கள் எல்லாம் சேர்ந்த கட்டு) முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். கடித்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் போதாதா?

பதில்: நாலைந்து வயர் என்றால் பெரும்பாலும் போதும். எத்தனை வயர், எந்த இடத்தில், எந்த சென்சாருக்குப் போகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கேளுங்கள். அதைச் சொல்லாமல் ஹார்னஸ் விலையை மட்டும் சொன்னால், இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். கனெக்டரை ஒட்டியே கடித்து, இணைக்க வயர் மிச்சமில்லாவிட்டாலும் பல கனெக்டர்கள் வயர்த்துண்டோடு தனியாகக் கிடைக்கும். கட்டுக்குள் பல இடங்களில் கடி இருந்தாலோ, ஈரம் ஏறி செம்பு உள்வரை கறுத்திருந்தாலோ, ஹார்னஸ் மாற்றுவது நியாயம். ஏர்பேக் வயர் (பொதுவாக மஞ்சள் உறை) கடிபட்டிருந்தால் ஒட்டுப் போடாமல் தயாரிப்பாளர் சொன்ன முறைக்கே விட்டுவிடுங்கள்.

காப்பீடு கேட்பதாக இருந்தால் எதையும் தொடுமுன் படம் எடுத்து, வேலை தொடங்குமுன் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: சால்டர் (ஈயம் உருக்கி ஒட்டுவது) வைப்பதா, கிரிம்ப் (உலோகக் குழாயில் செருகி நசுக்கி இணைப்பது) போடுவதா?

பதில்: கிரிம்ப். சால்டர் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கிவிடும். எஞ்சின் அதிர்வில், விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஆக்சிஜன் சென்சார் வயரில் சால்டர் கூடவே கூடாது. பல சென்சார்களில், புகையிலுள்ள ஆக்சிஜனோடு ஒப்பிடத் தேவையான வெளிக்காற்று அந்த வயரின் இழைகளுக்கிடையேதான் சென்சாருக்குள் போகிறது.

பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். செம்பு பளபளவென்று தெரியும்வரை இரு முனையையும் வெட்டுங்கள். பச்சையோ கறுப்போ படிந்த செம்பின் மேல் போட்ட ஒட்டு சில மாதத்தில் மறுபடி வேலை வைக்கும். வெட்டியதால் நீளம் குறைந்தால் இழுத்துப் பிடிக்காமல், அதே தடிமனில் ஒரு துண்டு சேருங்கள். சென்சார் வயர்கள் பெரும்பாலும் 0.35 முதல் 0.75 சதுர மி.மீ. வரைதான். வீட்டு வயர் வேண்டாம், எஞ்சின் சூட்டுக்கு அதன் உறை தாங்காது. உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டுச் சூடேற்றினால், ஓரத்தில் பசை கசியும்போதுதான் நீர் புகாது என்று நம்பலாம். வெறும் இன்சுலேஷன் டேப் சூட்டில் இளகி அவிழ்ந்துவிடும்.

பல வயர்களை ஒரே இடத்தில் இணைத்தால் கட்டு புடைக்கும். ஒவ்வொரு ஒட்டையும் மூன்று, நான்கு செ.மீ. தள்ளிப் போடுங்கள். இரண்டிரண்டாக முறுக்கி வரும் வயர்களை முறுக்கோடே திரும்பச் சேர்க்க வேண்டும். முறுக்கு அவிழ்ந்த நீளம் கூடினால் மின் இரைச்சல் புகுந்து, இல்லாத கோளாறெல்லாம் திரையில் வரும்.

சோதிக்கும்போது மல்டிமீட்டரில் ‘பீப்’ வந்ததும் திருப்தி அடையாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். மின்சுமை ஓடும்போது ஒட்டின் இரு பக்கமும் மீட்டரின் முனைகளை வைத்து மின்னழுத்த இழப்பைப் பாருங்கள்; 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒட்டு சரியில்லை. ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்து எரிவது வயர்தான்.

கேள்வி: மறுபடி வராமல் இருக்க?

பதில்: முதலில் கூட்டை எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, ஏசி காற்று இழுக்கும் வாய், எக்ஸாஸ்ட் பக்கம் மூன்றையும் பாருங்கள். எக்ஸாஸ்ட் அருகே காய்ந்த கூடு தீப்பிடிக்கும். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காமல், கிருமிநாசினி தெளித்து நனைத்து, கையுறையோடு துடையுங்கள்.

கடித்த இடத்தில் காரமான கேப்சைசின் பூசிய டேப்பைச் சுற்றலாம். காற்று இழுக்கும் வாய்க்கு 6 மி.மீ.க்குக் குறைந்த கண்ணுள்ள கம்பிவலை போடுங்கள். ரேடியேட்டரை அடைத்துவிட வேண்டாம். ஒலி எழுப்பும் கருவிகளுக்கு எலிகள் பழகிவிடுகின்றன. விஷம் வைத்தால், செத்த எலி எட்டாத பொந்தில் கிடந்து நாறும்.

சோயா கலந்த உறைதான் எலியை இழுக்கிறது என்ற பேச்சு உண்டு. சோயா வருமுன்பும் எலி வயரைக் கடித்தது. அதன் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆகவே உறை எதுவானாலும், நாள்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டிதான் அதற்கு வசதி.